உப்பைத் தாங்கும் மரபணுக்களைத் தேட எந்த மரம்: யூஃப்ராட்டிஸ் பாப்லரா, வெண்கண்டலா?

உப்பைத் தாங்கும் மரங்கள் தம் மரபணுக்களை எவ்வாறு இயக்குகின்றன என்பதை ஆய்வுக்கு எடுத்தபோது, இரண்டு மரங்களில் ஒன்றை நான் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒன்று, பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் என்னும் அவிசென்னியா மரினா. மற்றது, சீனாவின் தாரிம் படுகையில் பாலைவன ஆற்றோரங்களில் வளரும் யூஃப்ராட்டிஸ் பாப்லர். அருகில் இருப்பதை விட்டுவிட்டுப் பாப்லரையே எடுத்தேன்.

இரண்டுக்கும் மரபணுத்தொகுதி வெளியாகிவிட்டது (பாப்லருக்கு 2013, வெண்கண்டலுக்கு 2021). சோடியத்தைச் செல்லிலிருந்து வெளியேற்றும் எஸ்.ஓ.எஸ்.1, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்னும் சேமிப்புப் பைக்குள் அடைக்கும் என்.எச்.எக்ஸ். ஆகிய புரதங்களும் இரண்டிலும் உண்டு.

தேர்வை முடிவுசெய்தது, ஒப்பிடுவதற்குக் கிடைக்கும் நெருங்கிய உறவினம்தான். உப்புநீர் ஊற்றியவுடன் ஏராளமான மரபணுக்களின் வெளிப்பாடு ஏறும், இறங்கும். அவற்றில் எவை தாங்கும் திறனைத் தருகின்றன, எவை வெறும் தவிப்பின் அடையாளம் என்பதை ஒரே மரத்தை வைத்துப் பிரித்தறிய இயலாது. பாப்லர் பேரினத்தில் உப்புக்கு எளிதில் வாடும் சாம்பல் பாப்லர் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வின்படி, அயனிகளை ஒதுக்குவது, சர்க்கரை போன்ற கரைபொருள்களைச் சேர்ப்பது, ஆக்சிஜன் நச்சை முறிப்பது ஆகியவற்றுக்கான ஏற்பாடுகள் யூஃப்ராட்டிஸ் பாப்லரில் உப்பு வருமுன்னரே இயங்கிக்கொண்டிருக்கின்றன. உப்பிட்டபின் மாறியவற்றை மட்டும் பட்டியலிட்டிருந்தால் இந்த மரபணுக்கள் தப்பிப்போயிருக்கும். அவிசென்னியா பேரினத்திலோ எல்லாமே அலையாத்தி மரங்கள். உப்பறியாத உடன்பிறப்பு அதற்கு இல்லை.

சோதிப்பதிலும் இதே நிலைதான். பாப்லரில் கண்ட மரபணுவை, செடிகளுக்குள் மரபணுவைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா வழியாக எளிதில் ஏற்கும் கலப்பினப் பாப்லரில், அதாவது இன்னொரு மரத்திலேயே, புகுத்திப் பார்க்கலாம். வெண்கண்டலில் ஆக்சிஜன் நச்சை முறிக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதிக்கான மரபணுவைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பாசுமதி நெல்லில் புகுத்தினர். நெல்லின் உப்புத் தாங்கும் திறன் கூடியது. பயிருக்கு அது பெரும் பேறு. ஆனால் பல ஆண்டுகள் கட்டை வைத்து நிற்கும் மரத்தைப் பற்றி நெல் எவ்வளவு சொல்லிவிடும்?

நான் பார்த்தவை தொட்டியில் வளர்ந்த இளஞ்செடிகளின் ஆர்.என்.ஏ. தரவுகளே, முதிர்ந்த மரத்திலும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இலைவழியே உப்பை வெளியேற்றும் உப்புச் சுரப்பிதான் கேள்வி என்றால் பாப்லர் உதவாது, அதற்கு அந்த உறுப்பே கிடையாது. நண்பகலில் வெண்கண்டல் இலையைத் தடவினால் விரலில் ஒட்டும் உப்புத்துகள் எந்த மரபணுக்களின் வேலை என்பதை அறிய விரும்புபவர் பிச்சாவரத்துக்கே போக வேண்டும்.