தண்ணீரைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

வீட்டில் முழுக்க மால்ட்டிலிருந்தே (முளைகட்டி உலர்த்திய பார்லி) பீர் காய்ச்சுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். முக்கியமாக, மாஷ் எஃபிஷியன்சி (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷில், வரக்கூடிய சர்க்கரையில் எத்தனை சதவீதம் கைக்கு வருகிறது என்ற கணக்கு) ஏறவில்லையே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்கள். நேற்று மாலைதான் எனக்குத் தண்ணீர் ஆலோசனை விற்ற கடையிடமிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரே வரி. எதுவும் தீரவில்லை. என்னுடைய அரை மாதச் சம்பளம் போயிருக்கிறது. கோபம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காசு கொடுக்காமல் நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் விற்கும் ஆன்லைன் கடை. கூடவே "தண்ணீர் ஆலோசனை" என்று ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள். நாம் தண்ணீர் மாதிரி அனுப்பினால் அவர்கள் பரிசோதித்து அறிக்கை தருவார்களாம். அந்தத் தண்ணீருக்கென்றே கலந்த உப்புப் பொட்டலங்கள், ஒரு பிஎச் மீட்டர் (அமிலமா காரமா என்று அளப்பது), அரைத்த மால்ட் எல்லாம் வீட்டுக்கு வருமாம். விலை, என் அரை மாதச் சம்பளம்.

அவ்வளவு காசை ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். ஒரு வருடமாக என் எஃபிஷியன்சி 65 சதவீதத்தைத் தாண்டவில்லை. 5 கிலோ வெளிர் மால்ட், 20 லிட்டர் வோர்ட் (மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு). கிலோவுக்கு ஏறத்தாழ 300 அடர்த்திப் புள்ளி என்று வைத்தால் மொத்தம் 1500, அதை 20-ஆல் வகுத்தால் 75. அதாவது மால்ட்டில் உள்ள அத்தனையும் கரைந்து வந்தால் அடர்த்தி 1.075 (வெறும் தண்ணீர் 1.000). எனக்கு வந்துகொண்டிருந்தது 1.049. மாஷ் வெப்பநிலையை மாற்றிப் பார்த்தேன், 60 நிமிடத்தை 90 ஆக்கினேன், மெதுவாக ஸ்பார்ஜ் செய்தேன் (தானியத்தின் மேல் வெந்நீர் ஊற்றி மிச்சச் சர்க்கரையைக் கழுவி எடுப்பது). நகரவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய ஆலோசகர் போனில் பேசினார்.

நாற்பது நிமிடம் பேசினார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. தண்ணீரிலுள்ள பைகார்பனேட் மாஷின் பிஎச்சை மேலே தள்ளும், கால்சியமும் மெக்னீசியமும் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து அதைக் கீழே இழுக்கும், இரண்டும் போக மிஞ்சுவதுதான் எச்சக் காரத்தன்மை, 1953-இல் கோல்பாக் என்ற ஜெர்மன்காரர் இதைச் சூத்திரமாக்கினார் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். கால்சியம் சேர்க்க ஜிப்சம்தானே போடுவார்கள், நான் உடனே, "அப்படியானால் ஜிப்சம் எவ்வளவு போடலாம்?" என்று கேட்டேன். "மேடம், உங்கள் தண்ணீரைப் பார்க்காமல் ஒரு கிராம்கூடச் சொல்ல மாட்டேன். அது மனசாட்சிக்கு விரோதம்" என்றார். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். அவசரப்படாதவர், அளந்து பேசுகிறவர் என்று நினைத்தேன். அன்றைக்கே பணத்தைக் கட்டினேன். 80 சதவீதத்துக்குக் குறையாது என்று எழுத்திலும் கொடுத்தார்கள்.

மாதிரி அனுப்பிய சில நாளில் அழகாக அச்சடித்த அறிக்கையோடு பெட்டி வந்தது. 1, 2, 3 என்று எண் மட்டும் போட்ட பொட்டலங்கள். உள்ளே என்ன உப்பு, எத்தனை கிராம் என்று எதுவும் இல்லை. கேட்டேன். "எங்கள் கலவை, வெளியே சொல்வதில்லை" என்றார்கள். அப்போதே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எழுதிக்கொடுத்ததை வரிக்கு வரி செய்தேன். 15 லிட்டர் தண்ணீர், 5 கிலோ மால்ட், 66 டிகிரி, ஒரு மணி நேரம். மீட்டர் 5.4 காட்டியது. 5.2-இலிருந்து 5.6 வரை நல்லது என்பதால் நிம்மதியாக இருந்தேன். முதல் வோர்ட்டை ஆறவைத்து, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை இறக்கினேன். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால், மாவு முழுவதும் சர்க்கரையாக மாறியிருந்தால், 1.083-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றது 1.057-இல். கலக்கிவிட்டு மறுபடி அளந்தேன். அதேதான். எல்லாம் முடிந்து 20 லிட்டரில் 1.040. அதாவது 53 சதவீதம். அரை மாதச் சம்பளம் கொடுத்து, சும்மா இருந்த 65-ஐயும் இழந்தேன்.

ஸ்பார்ஜ் செய்வதற்கு முன்பே அடர்த்தி அவ்வளவு குறைவு என்றால் சர்க்கரை தானியத்தில் தங்கவில்லை, உருவாகவே இல்லை என்று அர்த்தம். அதனால் வடித்த தானியத்தில் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினேன். முழு மணிகள். உமி கிழியாமல், மில்லைத் தொட்டுக்கூடப் பார்க்காத மாதிரி. ஒன்றை நகத்தால் பிளந்தேன், நடுவில் வெள்ளையாக, சுண்ணாம்பு போல மாவு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டதும் கறுத்துவிட்டது, சர்க்கரையாக மாறாத மாவுக்கு அதுதான் அடையாளம். பையில் அரை கிலோ அரைத்த மால்ட் மீதி இருந்தது. அதிலிருந்து நூறு மணிகளுக்குச் சமமான அளவை எடுத்துப் பொறுமையாகப் பிரித்து எண்ணினேன். 31 மணிகள் முழுசாக இருந்தன. உடையாத மணிக்குள் தண்ணீர் ஒழுங்காக இறங்காது, மாவைச் சர்க்கரையாக்கும் நொதி வேலை செய்யாது. நீங்கள் தண்ணீரை என்ன செய்தாலும் அந்தச் சர்க்கரை வராது. இவ்வளவு தண்ணீர் வேதியியல் பேசிய கடைக்கு மால்ட் அரைக்கும் மில்லின் உருளை இடைவெளியைச் சரியாக வைக்கத் தெரியவில்லை, அல்லது வைக்க மனசில்லை.

அப்புறம் சந்தேகம் மற்ற எல்லாவற்றின் மேலும் திரும்பியது. பிஎச் மீட்டரின் மூடிக்குள் ஈரமே இல்லை. அந்தக் கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது, பாதுகாப்புக் கரைசலில்தான் இருக்க வேண்டும். அளவு சரிபார்க்கும் கரைசலும் பெட்டியில் இல்லை. "தொழிற்சாலையிலேயே சரிபார்த்தது" என்று எழுதியிருந்தார்கள். நானே வாங்கி வைத்துப் பார்த்தேன். 7.00 கரைசலில் 6.4 காட்டியது, 4.01-இல் 3.4. ஆக, நான் நிம்மதியாகப் பார்த்த 5.4 உண்மையில் 6.0.

ஏன் அவ்வளவு ஏறியது? இரண்டாம் எண் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை மீதி இருந்தது. தண்ணீரில் போட்டால் தெளிவாகக் கரைந்தது, வினிகர் விட்டதும் பொங்கியது. சுண்ணாம்புத் தூளாக இருந்தால் தண்ணீரில் இப்படிக் கரைந்திருக்காது. சமையல் சோடாதான் என்று அடித்துச் சொல்வேன். வெளிர் மால்ட்டை உப்பே இல்லாத தண்ணீரில் ஊறவைத்தாலும் பிஎச் 5.7, 5.8 வாக்கில்தான் நிற்கும். அதைக் கீழே கொண்டுவரத்தான் கால்சியமும் லாக்டிக் அமிலமும். அதில் சோடாவைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு மால்ட் நிறையப் போடும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்காவது அதில் ஓரளவு நியாயம் உண்டு, நான் காய்ச்சிய வெளிர் ஏல் பீருக்கு எந்தக் கணக்கிலும் கிடையாது. இப்போது அந்த 20 லிட்டரும் தொட்டியில் நொதித்துக்கொண்டிருக்கிறது. மாதிரி எடுத்துச் சுவைத்தேன். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு.

அந்த அறிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு மில்லிகிராமில் கால்சியம் 80, மெக்னீசியம் 12, சோடியம் 23, பைகார்பனேட் 61, சல்பேட் 48, குளோரைடு 35. எந்தத் தண்ணீரிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஏறக்குறைய சமமாக இருந்தாக வேண்டும். கால்சியத்தை 20-ஆலும் மெக்னீசியத்தை 12-ஆலும் சோடியத்தை 23-ஆலும் வகுத்துக் கூட்டினால் 6 வருகிறது. பைகார்பனேட்டை 61-ஆலும் சல்பேட்டை 48-ஆலும் குளோரைடை 35-ஆலும் வகுத்துக் கூட்டினால் 3. அளந்து வந்த எண்களில் இப்படிப் பாதிக்குப் பாதி வித்தியாசம் வராது. மீன் தொட்டிக்கு வைத்திருந்த காரத்தன்மைச் சொட்டுக் கரைசலால் என் தண்ணீரை நானே பார்த்தேன். கால்சியம் கார்பனேட் கணக்கில் கிட்டத்தட்ட 200 வந்தது. அவர்கள் அறிக்கையின்படி 50 இருக்க வேண்டும். சரி, ஏதோ தவறு நடந்திருக்கும் என்று அப்போதும் நினைத்தேன். வேறு ஊரில் இருக்கும் ஒருவர், அதே கடையில் வாங்கியவர், தன் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினார். ஆறு எண்களும் அதே எண்கள்.

நான் அனுப்பிய பாட்டிலை அவர்கள் திறந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இனி பதில்கள். முதலில், "மேடம், உங்கள் தெர்மாமீட்டரைச் சரிபாருங்கள்." பார்த்தேன், சரியாக இருந்தது, படம் அனுப்பினேன். அடுத்து, "எஃபிஷியன்சி என்பது அனுபவத்தில் வருவது மேடம்." அப்படியானால் 80 சதவீதம் என்று ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வேறொருவர் வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கச் சொன்னார். விளக்கினேன். முழு மணிகளின் படம், அயோடின் படம், மீட்டர் காணொளி எல்லாம் அனுப்பினேன். "பொட்டலம் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது" என்றார். திறக்காமல் எப்படிக் காய்ச்சுவது? இரண்டு அறிக்கையும் ஒன்றாக இருக்கிறதே என்றபோது, "அது மற்றொரு வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல்" என்று பதில். நாற்பது நிமிடம் பேசிய அந்த ஆலோசகர் மட்டும் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் அடுத்த பேக்கேஜுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டவர்கள் மறுபடியும் என்னிடமே விற்கப் பார்த்தார்கள். வீட்டில் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. இதை மட்டும் கேளுங்கள். உப்பின் பெயரும் கிராமும் எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள், ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் தனித்தனியாகவே கிடைக்கும். அரைத்த மால்ட் வந்தால் ஊறவைப்பதற்கு முன் ஒரு கைப்பிடியைப் பரப்பிப் பாருங்கள். மீட்டரைக் காய்ச்சும் நாளன்றே இரண்டு கரைசலிலும் வைத்துப் பாருங்கள், மாஷ் மாதிரியை ஆறவைத்து அளங்கள். எந்தத் தண்ணீர் அறிக்கை வந்தாலும் அந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அட்டை மூலம் கட்டியதால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். கால்சியம் 80, பைகார்பனேட் 61, சல்பேட் 48 என்று எழுதிய அறிக்கை வேறு யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூன்றாவதாக ஒன்று கிடைத்தால் அதையும் வங்கிக்குக் கொடுப்பேன்.