திருமணிமுத்தாற்றைப் பாடும் இசை நாடகம்: இரண்டு முறை பார்த்த ஓர் ஆசிரியையின் மதிப்புரை

சேலத்தைச் சேர்ந்த ஒரு சிறிய நாடகக் குழு, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காக 45 நிமிட இசை நாடகம் ஒன்றைப் பள்ளி பள்ளியாகச் சென்று நடத்தி வருகிறது. சேர்வராயன் மலையில் விழும் ஒரு மழைத்துளி, திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் இறங்கி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலந்து, கடலைச் சேர்ந்து, ஆவியாகி, மேகமாகி மீண்டும் மலைக்கே திரும்புவதுதான் கதை. குழுவின் குறைகளையும் எழுதவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இவ்வட்டாரப் பள்ளிகளில் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும்.

நான் இதை முதலில் பார்த்தது சேலத்தில், என் அண்ணன் மகள் படிக்கும் தனியார் பள்ளியின் அரங்கில். அடுத்த முறை பார்த்தது ஏற்காட்டு மலையில் நான் பணிபுரியும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வராண்டாவில். கதையும் நடிகர்களும் மாறவில்லை. சேலத்தில் இசை முழுவதும் முன்பே பதிவு செய்த டிராக்கிலிருந்து வந்தது. எங்கள் பள்ளியில் ஒலிபெருக்கிக்கு வசதியில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், ஒரு ஹார்மோனியக்காரரையும் ஒரு டோலக்காரரையும் அழைத்து வந்தார்கள். இந்த ஒரு மாற்றத்தால் நாடகமே வேறாகிவிட்டது.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கக் கலைக்குழு ஒன்றில் நான் பாடி நடித்திருக்கிறேன். பெரியவர்களுக்கு எழுத்தறிவைப் பற்றிப் பாடுவதும் குழந்தைகளுக்கு அறிவியலைப் பாடுவதும் வேறு வேறு வேலைகள் என்றாலும், எதிரே இருப்பவர் வாய் திறக்கும்போது பாட்டு நிற்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. இந்த மதிப்புரையில் நான் சொல்லவருவதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். கல்வி நாடகம் என்ற பெயரில் வரும் பலவற்றில், ஒருவர் வந்து பாடத்தை உரைநடையில் ஒப்பித்துவிட்டுப் போவார்; பாட்டு அதன்பின் அலங்காரமாக வரும். குழந்தைகள் மெட்டை வைத்துக்கொண்டு பாடத்தை மறந்துவிடுவார்கள். இந்தக் குழு அந்தத் தவறைச் செய்யவில்லை. ஆவியாதல், குளிர்தல், துளியாகச் சேர்தல் என்ற வரிசையே கும்மி மெட்டில் அடியடியாக அமைந்திருக்கிறது. ஓர் அடியை விட்டுவிட்டால் பாட்டு அறுந்துவிடும். பாட்டை நினைவில் வைத்திருக்கும் குழந்தை பாடத்தையும் நினைவில் வைத்திருக்கிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரனைக் கதை சொல்பவனாக வைத்திருப்பதும் பொருத்தமான முடிவு. சேலம் பக்கத்துக் கிராமங்களில் கூத்துப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, மேடையில் நின்றபடியே கூட்டத்தோடு பேசும் ஒருவரைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை.

ஆனால் சேலத்தில் அந்தக் கட்டியங்காரனால் கூட்டத்தோடு பேச முடியவில்லை. அவர் கேள்வி கேட்பார். டிராக்கில் அதற்கென ஒதுக்கிய நான்கு தாள இடைவெளிக்குள் குழந்தைகள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி தொடங்கிவிடும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்திருந்த அரங்கில் பின்வரிசைப் பிள்ளைகள் சிறிது நேரத்தில் பதில் சொல்வதையே விட்டுவிட்டார்கள். சேர்ந்து பாட வேண்டிய பல்லவி தலைமைப் பாடகியின் குரலுக்கு ஏற்ற சுருதியில் பதிவாகியிருந்ததால், மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் குழந்தைகள் பாடவில்லை, கத்தினார்கள். இரைச்சலை உற்சாகம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பள்ளிகளில் உண்டு; அன்று கைதட்டலும் பலமாகவே இருந்தது. என் அண்ணன் மகளிடம் மாலையில் கேட்டபோது, நீலப் புடவையை நீளமாக விரித்து ஆறாகக் காட்டியதைத் தவிர வேறெதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

மலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேகம் உருவாகும் இடத்தில் கட்டியங்காரன், "மேகம் எப்படிடா இருக்கும்?" என்று கேட்டார். சேலத்தில் இதற்கு வந்த பதில், பஞ்சு போல இருக்கும் என்பது. எங்கள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஈரமா இருக்கும்ண்ணா, எங்க வகுப்புக்குள்ளயே வரும், நோட்டெல்லாம் நமுத்துப் போயிடும்" என்றான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், மேகம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருள் மட்டும் அன்று. ஜன்னல் வழியே உள்ளே வருவது. டோலக் நின்றது. ஹார்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டியங்காரன் அந்தப் பையன் சொன்னதையே ஓர் அடியாக்கிப் பாடினார். எழுபது பிள்ளைகளும் அதைத் திருப்பிப் பாடினார்கள். பல்லவியை எட்ட முடியாமல் அவர்கள் திணறியதைக் கவனித்த ஹார்மோனியக்காரர், அடுத்த சுற்றில் ஒரு கட்டை கீழே இறங்கி வாசித்தார். அதன்பிறகு என் பிள்ளைகள் கத்தவில்லை, பாடினார்கள்.

அந்தப் பையனின் பதில் நாடகத்தில் இருந்த ஒரு பிழையையும் வெளியே கொண்டுவந்தது. மூலப் பாடலில் நீராவிதான் மேகம் என்ற பொருளில் ஓர் அடி வருகிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து, காற்றிலுள்ள நுண்ணிய தூசுகளின் மேல் மிகச் சிறிய நீர்த்துளிகளாகப் படிந்த பிறகே நம் கண்ணுக்கு மேகமாகத் தெரிகிறது. பனிமூட்டத்துக்குள் நடந்து வரும் பிள்ளையின் தலைமுடியில் அந்தத் துளிகள்தாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டில் பதியும் பாடம் எளிதில் அழியாது என்பதால், பாட்டில் பதியும் பிழையும் அழியாது. நாடகம் முடிந்ததும் இதைக் குழுவிடம் சொன்னேன். அவர்கள் மறுப்பேதும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்கள்.

இன்னோர் இடத்தை என்னால் மறக்க முடியவில்லை. மழைத்துளி காவிரியைத் தேடிப் போகிறது என்று பாடியபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "காவேரியம்மா இங்கதானக்கா இருக்காங்க, குகைக்குள்ள" என்றாள். சேர்வராயன் கோயில் குகையில் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருப்பதை மலைப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். ஆறாக நடித்த பெண் சட்டென்று நின்று, குகை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, விடைபெற்றுக்கொள்ளும் மகளைப் போலப் புடவையை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இதை ஒத்திகையில் யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது.

நம் இசை நாடக மரபுக்கு இது புதியதும் அன்று. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் மேடையேறியவர்கள் சிறுவர்கள். நடிப்பவரின் மூச்சையும் தயக்கத்தையும் பார்த்து வாசிக்கும் ஹார்மோனியம் அம்மரபின் உயிர்நாடி. செலவைக் குறைக்கவே டிராக் வந்தது என்று குழுவினர் சொன்னார்கள். இரண்டு கலைஞர்களின் ஒருநாள் ஊதியம் ஒரு சிறிய குழுவுக்குப் பெரிய தொகை என்பது எனக்குப் புரிகிறது. அழைக்கும் பள்ளிகள்தாம் அதைக் கேட்டுப் பெற வேண்டும், அதற்குரிய பணத்தையும் தர வேண்டும்.

சாயக்கழிவை அரக்கனாகக் காட்டும் காட்சி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சேலத்தில் சாயப்பட்டறையில் வேலை செய்யும் தகப்பனின் பிள்ளை அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருக்கும். கோல் எடுத்து அரக்கனை விரட்டிவிட்டால் ஆறு தூய்மையாகிவிடுகிறது என்று முடிப்பதைவிட, கழிவுநீரைச் சுத்திகரித்து விடலாம் என்பதை ஓர் அடியிலாவது பாடலாம்.

சேலம் பள்ளி 12,000 ரூபாய் கொடுத்ததாக அறிந்தேன். எங்களிடம் வண்டிச் செலவு உட்பட 7,000 ரூபாய் வாங்கினார்கள். ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பகிர்ந்து கொடுத்தோம். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த களைப்போடு, தேநீர் குடித்த கையோடு ஒப்பனைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அழைப்பவர்கள் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மட்டும், ஒரு காட்சிக்கு நூறு பேருக்கு மிகாமல் உட்கார வையுங்கள். பிள்ளைகள் அதிகமென்றால் இரண்டு காட்சிகள் கேளுங்கள். மலைப் பள்ளிகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அழைப்பது நல்லது. ஈரக்காற்றில் டோலக்கின் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. எங்கள் வராண்டாவில் அந்தக் கலைஞர் நாடகத்தின் நடுவே இரண்டு முறை வளையங்களை நெருக்கிக் கயிற்றை இறுக்க வேண்டியிருந்தது. இரண்டு முறையும் பிள்ளைகள் தாளம் தட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.