‘மேக் செக்’ தோற்றால்: போஸ்ட்கிரெஸுடன் சில ஆண்டுகள்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் தைப்பூசக் காவடிப் பதிவும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவுவது என் வழக்கம். நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. தொகுத்த நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் ‘மேக் செக்’ சோதனையில் ஒன்றிரண்டு தோற்றால்தான் தலைவலி. பலர் அந்தப் படியையே தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓட்டினால் சோதனை தொடங்கவே மறுக்கும். சாதாரணப் பயனராக மாறினால் தீர்ந்தது. அடுத்த தொல்லை சிறிய வாடகை சர்வர்களில் வரும். ஒரே நேரத்தில் இருபது சோதனைகள் வரை ஓடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் நாற்பது ப்ராசஸ்கள் (இயங்கும் நிரல்கள்). பயனருக்கான வரம்பு அதற்கு இடம் தராவிட்டால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சோதனை விழும். ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ மதிப்பை 10 ஆக்கினால் அடங்கிவிடும். முடிவின்றித் தன்னையே அழைக்கும் ஃபங்ஷனைச் சோதிக்கும் இடத்தில் சர்வரே சரிந்தால், ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகமான ஸ்டாக்கின் வரம்பை 4 எம்பிக்கு உயர்த்திப் பாருங்கள்.

மற்றபடி, எதிர்பார்த்த விடையைக் கழித்தல் குறியோடும் வந்த விடையைக் கூட்டல் குறியோடும் காட்டும் ‘ரெக்ரெஷன் டிஃப்ஸ்’ கோப்பைத் திறக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கழித்தல் குறியோடு போன வரி, மூன்று வரி தள்ளி ஓரெழுத்தும் மாறாமல் கூட்டல் குறியோடு வந்திருக்கிறதா? தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. எங்கள் கணினி பிரெஞ்சு லோக்கேலில் (மொழி, எழுத்து வரிசை போன்றவற்றுக்கான அமைப்பில்) ஓடுவதால், பழைய பதிப்புகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ‘நோ லோக்கேல்’ மதிப்பை 1 ஆக்கி, எந்த மொழியையும் சாராத சி லோக்கேலில் மீண்டும் ஓட்டுங்கள். தேறிவிட்டால் காரணம் பிடிபட்டது. லோக்கேலை மாற்ற ‘லாங்’ மாறியைப் பயன்படுத்துங்கள். ‘எல்சி ஆல்’ இந்தச் சோதனையில் எடுபடாது.

வரிசைதானே என்று அலட்சியம் வேண்டாம். ரூபாய் நோட்டில் தமிழின் வழக்கமான இடம் மாறியதற்காக 1998இல் எதிர்ப்புக் கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த நாடு இது! சி லோக்கேலில் சோதனை அழகாகத் தேறும். ஆனால் உறுப்பினர் பட்டியலை எடுத்தால் கமலாவுக்கு முன் கனகா, காவேரிக்கு முன் காளியம்மா, தேவிக்கு முன் ஜெயா. யூனிகோடில் ‘ன’ இருப்பது ‘ந’வை அடுத்து, ‘ள’ இருப்பது ‘வ’வுக்கு முன்னால், ‘ஜ’ இருப்பது ‘ச’வை அடுத்து, சி லோக்கேல் அந்த எண்களை மட்டுமே பார்க்கிறது. அகராதி பார்த்துப் பழகிய பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா? ஆகவே சோதனைக்கு சி லோக்கேல், பெயர்ப் பத்திக்கு ஐசியு என்ற யூனிகோடு நூலகம் தரும் தமிழ் வரிசை என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

இதே வரிசை விவகாரம் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018இல் வெளியான 2.28 பதிப்போடு பெரிதாக வெடித்தது. அதன் ஒப்பீட்டு விதிகள் மாறியதால், இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களின் பழைய இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்கள்) தவறான விடை தரத் தொடங்கின. ‘மேக் செக்’ இதைக் காட்டிக்கொடுக்காது. அது தற்காலிகமாகப் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கித்தான் சோதிக்கிறது. எனவே லினக்ஸை மேம்படுத்திய கையோடு ‘ஆம்செக்’ நீட்சியால் உண்மையான இண்டெக்ஸ்களைப் பரிசோதித்து, எழுத்துப் பத்திகளை ‘ரீஇண்டெக்ஸ்’ செய்த பிறகே காவடிப் பதிவைத் திறக்கிறேன்.