வெளுத்துப்போன மியாட்டாவுக்கு வீட்டிலேயே புது நிறம்: ராப், பிளாஸ்டி டிப், பெயின்ட் – எது எங்கே?

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான கார் இது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், இங்கிலாந்தில் எம்எக்ஸ்-5. இன்று கைக்குக் கிடைக்கும் பழைய வண்டிகளில் இஞ்சின் பெரும்பாலும் தெம்பாகவே இருக்கும், மேனிதான் களையிழந்து கிடக்கும். பெயின்ட் ஷாப்பில் முழுக் காருக்கும் கேட்கும் தொகையோ பல நேரம் வண்டி வாங்கிய விலையையே தொட்டுவிடும். அப்போதுதான் நாமே செய்துவிடலாமே என்ற எண்ணம் வரும்.

செய்யலாம். ஆனால் ஒட்டும் வினைல் படலமான ராப், உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சான பிளாஸ்டி டிப், பெயின்ட் என்ற மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது பலரும் பார்ப்பது விலையையும் பளபளப்பையும். நான் முதலில் பார்ப்பது வேறு: போட்டதை நாளைக்கு எடுக்க முடியுமா, எடுத்தால் அடியில் என்ன மிஞ்சும்? வீட்டில் செய்யும் வேலையில் ஏதாவது ஓரிடம் கோணலாக வரத்தான் செய்யும். அந்த இடத்தை மட்டும் பிரித்து மறுபடி செய்ய முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

மூன்றுக்கும் முன்னால் ஒன்று பார்த்துவிடுங்கள். உங்களுடையது கிளாசிக் ரெட் நிறமா? அந்தச் சிவப்பின் மேல், நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் கிடையாது. வெயிலில் ஆக்சிஜன் ஏறி, ரோஸ் கலரில் சுண்ணாம்பு பூத்தது போல ஆகிவிடும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, பானெட்டின் ஒரு மூலையில் தேயுங்கள். துணி சிவந்தால் நல்ல செய்தி: செத்துப்போனது மேல் படலம் மட்டும், அடியில் உயிருள்ள பெயின்ட் இருக்கிறது. கட்டிங் காம்பவுண்ட், பிறகு பாலிஷ், பிறகு வேக்ஸ். ஒரு வார இறுதியில் வேலை முடிந்துவிடும். பழைய சிவப்பு திரும்பி வந்த பிறகு நிறம் மாற்றும் ஆசையே பலருக்குப் போய்விடுகிறது. பெயின்ட் மெலிந்து அடிப்பூச்சான பிரைமர் தெரிகிறதென்றால் மட்டும் மேலே படியுங்கள்.

வினைல் ராப்

மூன்றில் என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், எனவே இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். வினைலில் இரண்டு ஜாதி உண்டு. காலண்டர்டு என்பது உருளைகளுக்கு இடையே அழுத்தித் தேய்த்துச் செய்வது. தடிமன் அதிகம், விலை குறைவு, வளைவில் ஒட்டிவிட்டு நாளடைவில் சுருங்கும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றி உலர்த்தி எடுப்பது. மெல்லியது, வளைவுக்கு வளைந்து கொடுக்கும். 3எம் 2080, ஏவரி டென்னிசன் சுப்ரீம் எல்லாம் இந்த ஜாதி. காருக்குக் காஸ்ட் மட்டுமே வாங்குங்கள். மலிவு ரோலில் மிச்சம் பிடித்த பணம், அதைப் பிரித்தெடுக்கும் நாளில் பசையைச் சுரண்டும் நேரமாகப் போய்விடும்.

ரோல் அகலம் பொதுவாக 1.52 மீட்டர். மியாட்டாவில் தகரக் கூரை இல்லாததால் ஒரு பெரிய தகடே கணக்கிலிருந்து குறைந்துவிடுகிறது. நீளமும் 4 மீட்டருக்குள்தான். ராப் பழகுவதற்கு இதைவிடச் சாதகமான ஸ்போர்ட்ஸ் கார் எனக்குத் தெரிந்து இல்லை.

பழகத் தொடங்க வேண்டியது ஹெட்லைட் மூடியில். இந்தக் காரில் ஹெட்லைட் பானெட்டோடு மடங்கிக் கிடந்து, எரியும்போது மூடியோடு மேலே எழும். விளக்கை எரிய விடாமல் மூடியை மட்டும் தூக்க உள்ளே தனி பட்டன் உண்டு. தூக்கி, மூடியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், முக்கியமாக ஓரங்களின் அடிப்பக்கத்தை. வேக்ஸ் ஒளிந்திருப்பது அங்கேதான். சுற்றிலும் நாலு விரல் மிச்சம் விட்டு வெட்டிய வினைலை நடுவில் ஒட்டி, ஃபெல்ட் ஓரம் வைத்த ஸ்க்வீஜியால் (தேய்த்துத் தள்ளும் தகடு) நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். மூலையில் சுருக்கம் விழுந்தால் அழுத்த வேண்டாம். தூக்கி, ஹீட் கன்னை லேசாகக் காட்டினால் வினைல் தானாக விறைத்து நேராகும், பிறகு இழுத்து ஒட்டுங்கள். ஓரத்தை அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டராவது மடித்துவிட வேண்டும், ஏனென்றால் இரவில் மூடி எழுந்து நிற்கும்போது அந்த ஓரம் ஊருக்கே தெரியும்.

கடைசியில், இழுத்து ஒட்டிய இடங்களை எல்லாம் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒருமுறை சூடாக்க வேண்டும். வினைலுக்குத் தன் பழைய வடிவம் நினைவிருக்கும், இந்தச் சூடுதான் அதை மறக்கடிக்கிறது. இதைத் தவிர்த்த ராப் சில வாரங்களில் குழிவான இடங்களில் தூக்கிக்கொள்ளும்.

பானெட், டிக்கி, கதவு எல்லாம் இதே பாடத்தின் பெரிய வடிவம்தான். கதவுக் கைப்பிடியையும் பின் விளக்குகளையும் கழற்றிவிட்டு ஒட்டுங்கள், சுற்றி வெட்டிச் சமாளிக்க வேண்டாம். பெயின்டின் மேல் நேரடியாக பிளேடு ஓட்டவே கூடாது. நைஃப்லெஸ் டேப் வாங்கினால் அதற்குள் இருக்கும் நூல் வினைலை மட்டும் அறுத்துக்கொண்டு வரும்.

முன் பம்பரின் வாய்தான் சோதனை. உள்ளே திரும்பும் அந்த வளைவில் ஒரே துண்டாக இழுத்தால் நிச்சயம் பிரியும். வாய்க்குள் தனித் துண்டு ஒட்டிவிட்டு மேலே பெரிய துண்டை வைத்து முடிப்பது நல்லது. பக்கவாட்டுக் கண்ணாடியின் கூடும் இரண்டு துண்டுகளாகச் செய்தால் பிழைக்கும்.

ராப் எங்கே காலை வாரும்? அடியில் இருக்கும் பெயின்ட் ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தால், அல்லது யாரோ முன்பு அரைகுறையாக ரீபெயின்ட் செய்திருந்தால், வினைலைப் பிரிக்கும் நாளில் பெயின்டும் சேர்ந்து வரும். துருவின் மேல் ஒட்டவே கூடாது. மென்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகால் வழியே இறங்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழேயுள்ள சில் பகுதியில் தேங்கி, பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள மூலை உள்ளிருந்தே அரித்துப் போகும். அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் முதலில் டிங்கரிங், பிறகுதான் நிறம். வினைல் அதை மூடி மறைக்கும், உள்ளே அரிப்பு தன் போக்கில் நடக்கும்.

பிளாஸ்டி டிப்

தெளித்தால் உலர்ந்து ரப்பர் தோலாகும் பூச்சு. 1972ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தொடங்கியது. முதலில் பெயரெடுத்தது கருவிகளின் கைப்பிடியை முக்கியெடுக்கும் ரப்பராகத்தான், கார் உலகம் அதைத் தத்தெடுத்தது பிறகு. மூன்றிலும் கைக்குச் சுலபம் இதுதான். உப்புத்தாள் தேய்க்க வேண்டாம், சுத்தமாகக் கழுவி உலர்த்தினால் போதும்.

ஒரே விதி, கஞ்சத்தனம் கூடாது. முதல் கோட் பாதி தெரிகிற அளவுக்கு மெல்லியதாக, அதன் பிறகு ஈரம் சொட்டாத அளவுக்குக் கனமாக நாலைந்து கோட். தடிமனாக அடித்தால் கழற்றும் நாளில் சுட்ட கத்தரிக்காய்த் தோல் போலப் பெரிது பெரிதாக உரியும். மெலிதாக அடித்தால் நகத்தால் சுரண்டிச் சாக வேண்டும். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், உலர்ந்த பிறகு இழுத்தால் பூச்சின் ஓரமும் கிழியும்.

14 அங்குல அலாய் வீல்களுக்கு இதுபோல வருமா? வராது. சனிக்கிழமை கறுப்பாக்கி, பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே உரித்து எறியலாம். முழுக் காருக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன். மேட் தோல் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலிஷ் போட முடியாது, பெட்ரோல் பட்டால் கரையும். டேங்க் மூடியைச் சுற்றி ஒரு சொட்டு வழிந்தாலே தழும்பு நிற்கும்.

பெயின்ட்

நன்றாக வந்தால் இதற்கு ஈடு இல்லை. ஆழமும் பளபளப்பும் ஆயுளும் இதற்குத்தான். ஆனால் திரும்பி வர வழியே இல்லாததும் இதுதான்.

கேனில் வரும், ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) சேராத சாதாரண 1கே பெயின்ட் பெட்ரோலுக்கும் கல்லடிக்கும் தாங்காது. தாங்குவது ஹார்டனர் சேர்ந்த 2கே கிளியர். அந்த ஹார்டனரில்தான் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். தொழில்முறையில் அடிப்பவர்கள் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியோடு, காற்றை உறிஞ்சும் பூத்தில் நிற்கிறார்கள். கடையில் வாங்கிய தூசி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, குடும்பம் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய கராஜில் 2கே அடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பணம் மிச்சம் என்பதற்காக நுரையீரலைப் பணயம் வைக்கக்கூடாது.

நம்மால் முடிகிற வழி ஒன்று உண்டு: உழைப்பை நீங்கள் போடுங்கள், அடிப்பதை ஷாப்பிடம் விடுங்கள். பம்பரைக் கழற்றுவது, பட்டி வைத்துத் தேய்ப்பது, 400ஆம் எண்ணில் தொடங்கி 800 வரை உப்புத்தாள் பிடிப்பது, இவைதான் கூலியில் பெரும்பகுதி. அதை நீங்களே செய்து தனி பாகமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் பல ஷாப்களில் தொகை இறங்கும். முன்கூட்டியே பேசிவிடுங்கள், அடுத்தவர் தேய்த்ததன் மேல் அடிக்கச் சிலர் சம்மதிக்க மாட்டார்கள். வளையும் பிளாஸ்டிக் பம்பருக்கு, பெயின்டைப் பிடிக்கவைக்கும் அட்ஹீஷன் புரமோட்டர் அடிக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் இடியில் பெயின்ட் தகடாகக் கழன்று விழும்.

என் கணக்கு

ஒரே காருக்கு ஒரே வழி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. பானெட், டிக்கி, கதவு, ஹெட்லைட் மூடிக்கு ராப். வீலுக்கும் பேட்ஜுக்கும் பிளாஸ்டி டிப். கல்லடி வாங்கும் முன்பக்க பம்பருக்கு, ராப் நிறத்துக்கு ஒத்துவரும் பெயின்ட். நிறம் பொருந்த வேண்டுமானால் முதலில் வினைல் துண்டை ஷாப்பில் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்; பெயின்டுக்கு ஏற்ற வினைலைத் தேடிப் போனால் கிடைக்காது. கதவைத் திறந்தால் உள்சட்டத்தில் பழைய நிறம் தெரியும். அது உறுத்துபவர்கள் பழைய நிறத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சாயலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

காகித வேலையும் உண்டு. இங்கிலாந்தில் நிறம் மாறினால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வேறு காரில் இதைச் செய்பவர்களும் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் நிறத்தை நினைவில் வைத்து, ஆர்டிஓவில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முழு ரோல் ஆர்டர் போடும் முன் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி இரண்டு ஹெட்லைட் மூடியையும் முடித்துப் பாருங்கள். ஒரு மாதம் மழையிலும் வெயிலிலும் ஓட்டிய பிறகு ஓரம் தூக்காமல் நின்றால், பானெட்டுக்கு வெட்டத் தொடங்கலாம்.