வேறு பட்டம், மல்டிமீடியா ப்ரோகிராமிங் வேலை: நான்கு வழிகளில் எது யாருக்கு?

திரையில் ஒரு பந்து இடமிருந்து வலமாக நகர வேண்டும். வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். பெரும்பாலோர் எழுதுவது ஒரே மாதிரி இருக்கும்: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், பந்தை 5 பிக்சல் தள்ளு. அவர்களுடைய மானிட்டர் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது, பந்து நொடிக்கு 300 பிக்சல் போகிறது, பார்க்க அழகாகவே இருக்கிறது. அதையே நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் உள்ள கம்ப்யூட்டரில் ஓட்டினால் நொடிக்கு 720 பிக்சல். பந்து பறக்கிறது.

திருத்தம் ஒரே ஒரு வரிதான். வேகத்தை 'நொடிக்கு இவ்வளவு' என்று வைத்துக்கொண்டு, போன ஃப்ரேமிலிருந்து கழிந்த நேரத்தால் பெருக்க வேண்டும். அந்த ஒரு வரி எங்கே, யார் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் ஒருவருக்குத் தெரியவருகிறது? நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான். சான்றிதழில் என்ன அச்சாகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வணிகவியல், இலக்கியம், இசை, இயற்பியல், கட்டடக்கலை என்று எதையோ படித்து முடித்துவிட்டு, விளையாட்டு, அருங்காட்சியகத் தொடுதிரை, விஆர் (மெய்நிகர்) பயிற்சி மாதிரியான வேலைகளுக்குக் கோட் எழுத வருகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இங்கே படமும் ஒலியும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட். 90 ஃப்ரேம் ஓடும் விஆர் ஹெட்செட் என்றால் 11.1தான். ரசீது போடும் மென்பொருள் அரை நொடி தாமதித்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. ஹெட்செட்டில் தாமதித்தால் போட்டிருப்பவருக்குத் தலை சுற்றும்.

முதல் வழி, வீட்டில் உட்கார்ந்து தானாகக் கற்பது. கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் எம்ஐடி மீடியா லேபில் ப்ராசஸிங் என்ற கோட் எழுதும் கருவியைத் தொடங்கியதே, ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் கோட் எழுதப் பழக வேண்டும் என்றுதான். பிறகு லாரன் மெக்கார்த்தி அதே எண்ணத்தை ப்ரௌசருக்குள் கொண்டுவந்தார், பி5.ஜேஎஸ் என்று பெயர். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சின் 2014 முதல் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்த வழியில் பலர் பாதியில் நின்றுவிடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. தவறு எங்கே என்று சொல்ல ஆளில்லை. வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டுகிறோம், ஓடுகிறது, அடுத்த வீடியோவுக்குப் போகிறோம். வீட்டில் இருப்பது ஒரே மானிட்டர். பந்து என்றைக்குமே பறக்காது.

இதற்கு ஒரு மருந்து உண்டு: கேம் ஜாம். லூடம் டேர் 2002இலிருந்து நடக்கிறது, குளோபல் கேம் ஜாம் 2009இலிருந்து. இரண்டு, மூன்று நாளுக்குள் ஒரு சின்ன விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். நீங்கள் செய்ததை முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். 'உங்கள் பந்தைப் பிடிக்கவே முடியவில்லையே' என்று ஒருவர் எழுதினால் போதும், ஆறு மாத வீடியோ சொல்லித் தராதது அன்றே புரிந்துவிடும். இயற்பியல், கணிதம் படித்தவர்களுக்கு இந்த வழியே பெரும்பாலும் போதும். பந்து வேலையைக் கொடுத்ததும் 'வேகம் நொடிக்கா, ஃப்ரேமுக்கா?' என்று திருப்பிக் கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து எல்லோருமே அந்தப் பக்கத்து ஆட்கள்.

இரண்டாவது, சில மாதப் பூட்கேம்ப், அதாவது குறுகிய காலத் தீவிரப் பயிற்சி வகுப்பு. இதன் பலம் தெரிந்ததுதான்: காலையில் எழுந்து போக ஓர் இடம், தேதி வைத்து முடிக்க ஒரு வேலை, கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மாதிரியான கருவிகளின் பழக்கம். பலவீனத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல இடங்களில் எஞ்சினுக்குப் பதிலாக எஞ்சினின் பட்டன்களைச் சொல்லித் தருகிறார்கள். இந்தத் துறையில் பட்டன்களுக்கு ஆயுள் குறைவு. ஒரு காலத்தில் மல்டிமீடியா என்றாலே மேக்ரோமீடியா டைரக்டரும் அதன் லிங்கோ மொழியும்தான். 2017இல் அடோபி அதன் விற்பனையை நிறுத்தியது. ப்ரௌசரில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினின் நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் வேறு எஞ்சின் தேடினார்கள். டைம்லைன், நிகழ்வு, ஃப்ரேம் என்ற கருத்துகளைப் பிடித்திருந்த ஃப்ளாஷ்காரர்கள் சில மாதத்தில் யூனிட்டிக்கு மாறிக்கொண்டார்கள். மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள்.

இன்னொன்று, லேபில் எல்லா மெஷினும் ஒரே மாடல். பந்து அங்கேயும் பறக்காது. கடைசியில் இருபது பேரும் ஒரே குதித்தோடும் விளையாட்டை வைத்துக்கொண்டு வேலை தேடப் போவார்கள். இப்படி வந்த ஒரு போர்ட்ஃபோலியோவைத் திறந்தேன். காடு, அருவி, நிழல் எல்லாம் பிரமாதம். அத்தனையும் ஆயத்த மாடல்கள் கிடைக்கும் அசெட் ஸ்டோரில் எடுத்தது, அவர் எழுதிய கோட் நாற்பது வரிகூட இல்லை. அதில் தப்பொன்றும் இல்லைதான். ஆனால் அந்த நாற்பது வரியைப் பற்றிக் கேட்டால் பதில் வரவில்லை. படித்த துறை இந்தப் பக்கம் எதற்கும் கைகொடுக்காது, ஒழுங்கான கால அட்டவணை இல்லாமல் உட்கார முடியாது, ப்ரௌசரில் ஓடும் ஊடாட்டப் பக்கங்கள் போதும் என்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

மூன்றாவது, வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே இருக்கும் ஓராண்டு, ஈராண்டு முதுகலை. மெதுவான வழி. ஆனாலும் எஞ்சினின் உள்வேலை, ஷேடர் (திரையில் நிறமும் ஒளியும் கணக்கிடும் கோட்), ஒலிச் சமிக்ஞைச் செயலாக்கம் என்று ஆழமாகப் போக நினைப்பவருக்கு இதைவிட நல்லது தெரியவில்லை. அணிகள் (மேட்ரிக்ஸ்), திசையன்கள் (வெக்டர்), தரவு அமைப்புகள், சி பிளஸ் பிளஸ் இவற்றைத் தனியாக உட்கார்ந்து கடப்பவர்கள் சிலர்தான். அதைவிட முக்கியம், மதிப்பெண் போடுவதற்காகவாவது ஒருவர் உங்கள் கோடைப் படித்தாக வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மல்டிமீடியா என்ற பெயரில் முழுக்க வடிவமைப்புப் படிப்பும் இருக்கிறது. பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதம் இருக்கிறதா, தனியாளாகச் செய்யும் ப்ராஜெக்ட் இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தாலே போதும்.

நான்காவது வழியைப் பற்றித்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை. தெரிந்த தொழிலை வைத்துக்கொண்டே ஸ்டுடியோவுக்குள் நுழைவது. ஒலி எடிட்டராக, முப்பரிமாண மாடல் செய்பவராக, கதை எழுதுபவராக, டெஸ்டராகப் போய், உள்ளே இருந்தபடி கோட் பக்கம் நகர்வது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டருக்குள் பைத்தான் மொழி இருக்கிறது, அன்ரியல் எஞ்சினில் கட்டங்களைக் கோடு போட்டு இணைத்தே தர்க்கம் எழுதும் புளூப்ரிண்ட் இருக்கிறது. டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்று ஒரு வேலையே இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்தவர்களுக்கானதுதான்.

நான் இருந்த ஒரு குழுவில், பின்னணி ஒலி நிற்கும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம். ஃபைல் லோடாவதில் கோளாறு என்று நாங்கள் இரண்டு நாள் தேடினோம். இசை படித்துவிட்டு ஒலி எடிட்டராக வந்திருந்த பெண் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொன்னார்: "அலை மேலே இருக்கும்போதே வெட்டுறீங்க. பூஜ்யத்துக்கு இறக்கிட்டு நிறுத்துங்க." பத்து மில்லி செகண்டில் ஒலியளவைக் கீழே இறக்கும் நான்கு வரியை அவரையே எழுதவைத்தோம். சத்தம் போய்விட்டது. ஒரு வருடத்தில் அந்த விளையாட்டின் ஒலிப் பகுதி முழுக்க அவர் கைக்கு வந்தது.

தவறு தெரியவரும் வேகத்தில் இந்த வழியை அடிக்க ஆளில்லை. காலையில் எழுதிய ஸ்கிரிப்ட் உடைந்தால் மதியத்துக்குள் பக்கத்து மேஜையிலிருந்து குரல் வந்துவிடும். ஆபத்தும் இருக்கிறது: வேலை கோட் எழுதுவதாகவும் பதவிப் பெயர் பழையதாகவும் வருடக்கணக்கில் தேங்கிவிடலாம். அடிப்படைகளில் ஓட்டை விழுந்தபடியே இருக்கும். அதை மாலை நேரத்தில் நாமேதான் அடைக்க வேண்டும்.

ஆக, இசை, திரைப்படம், நுண்கலை, கட்டடக்கலைக்காரர்களுக்கு நான்காவதைத்தான் முதலில் சொல்வேன். எந்த வழியானாலும் பணம் கட்டும் முன் மூன்று மாதம் முதல் வழியில் நடந்து பாருங்கள், பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பந்துக்கு அவை பெரும்பாலும் சரியாகவே எழுதித் தருகின்றன, நேரத்தால் பெருக்கியே. அதைப் பார்த்துப் பழகியவர் அடுத்து மவுஸால் கேமராவைத் திருப்பும் இடத்திலும் நேரத்தால் பெருக்குவார். மவுஸ் நகர்வு ஏற்கெனவே அந்த ஃப்ரேமுக்குள் நகர்ந்த அளவு. அதை மறுபடி பெருக்கினால், ஃப்ரேம் தடுமாறும் நேரத்தில் கேமராவும் சேர்ந்து துள்ளும். அங்கே ஏன் பெருக்க வேண்டும், இங்கே ஏன் கூடாது என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

பூட்கேம்போ முதுகலையோ, சேரும் முன் ஒருநாள் நேரில் போங்கள். போன தொகுதி மாணவர் ஒருவர் செய்த ப்ராஜெக்டைக் கேட்டு வாங்கி, அவர்கள் லேபில் வேண்டாம், நீங்கள் கொண்டுபோன லேப்டாப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.