காவல்துறையா, தனியார் நிபுணரா? ஃபுளோரிடா அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு ஓர் அலசல்

ஃபுளோரிடாவில் ஐந்து வீடுகளோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்பின் உரிமையாளர்களுக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய அரணாக வந்திருக்கிறது. வெளியாள் ஒருவன் வளாகத்துக்குள் குற்றம் செய்தால், நட்டஈட்டுப் பொறுப்பு உரிமையாளருக்கு இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு, சட்டம் கேட்டவற்றைப் பெருமளவு செய்திருக்கிறோம் என்று உரிமையாளர்தான் காட்ட வேண்டும். அவற்றுள் ஒன்று, செய்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகாத பாதுகாப்பு மதிப்பீடு. அதைக் காவல்துறை செய்யலாம்; மாநிலக் குற்றத்தடுப்புப் பயிற்சி நிறுவனம் அங்கீகரித்த நிபுணரும் செய்யலாம்.

காவல்துறையில் இதைக் கட்டணமின்றிச் செய்துதருபவர்கள் உண்டு. அந்த வளாகத்திலிருந்து எத்தனை அழைப்புகள், எந்த நேரத்தில் வந்தன என்ற விவரமும் அவர்களிடமே இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு நேரம் கிடைக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

தனியார் நிபுணருக்குப் பணம் கொடுக்க வேண்டும். இருந்தாலும் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. காரணம், அவரை இருட்டிய பிறகு வரச் சொல்லலாம். வாகன நிறுத்துமிடத்தில் அந்தி முதல் விடியும்வரை, தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில், சராசரியாகக் குறைந்தது 1.8 ஃபுட்கேண்டில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்கிறது சட்டம். கிட்டத்தட்ட முழங்கால் உயரம். பகலில் பார்த்தால் எல்லா விளக்குக் கம்பங்களும் சரியாகத்தான் தெரியும். இரவில் அளவுமானியைக் கீழே பிடித்து நடந்தால்தான், வளர்ந்த ஒரு மரக்கிளை இரண்டு கார்களின் இடத்தை முழுக்க இருட்டாக்கியிருப்பது தெரியவரும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியர் காரிலிருந்து இறங்கிப் படிக்கட்டை அடையும்வரை கடக்க வேண்டிய இடம் அது. காவல் அதிகாரியும் இரவில் வந்து அளந்து தருவார் என்றால், தனியாருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சட்டம் கேட்கும் மற்றவற்றுள் ஒரு அங்குல டெட்போல்ட் (சாவியால் திருப்பும் உறுதியான கதவுத் தாழ்ப்பாள்), சன்னல் பூட்டு, கதவில் பார்வைத் துளை, நீச்சல்குளத்துக்குப் பூட்டிய வாயில் ஆகியவற்றை யார் வந்தாலும் சரிபார்த்துவிடுவார்கள்.

“காப்பீடு இருக்கிறதே, போதாதா?” என்பவர்கள் தங்கள் பாலிசியில் தாக்குதல் சம்பவங்களுக்கான விலக்கை, அதாவது அவற்றுக்குப் பணம் தராது என்ற நிபந்தனையைத் தேடிப் பார்க்க வேண்டும். பல பொறுப்புக் காப்பீடுகளில் அது இருக்கிறது; சிலவற்றில் மிகக் குறைந்த உச்சவரம்பு இருக்கிறது.

அறிக்கையை வாங்கி இழுப்பறையில் வைத்தாலும் பயனில்லை. அதில் சொன்னவற்றைப் பெருமளவு கடைப்பிடித்து வர வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை. அதனால் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் முதலிலேயே கேளுங்கள்: கிளையை வெட்டிய பிறகு மறுபடியும் இரவில் வந்து அளந்து, எழுத்தில் தருவாரா?