இறால் தொட்டியில் மூன்று வால் பூச்சி: ஊசித்தட்டானா, மேஃப்ளையா?

போன மாதம் என் இரண்டடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் செர்ரி இறாலின் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. தண்ணீரில்தான் கோளாறு என்று வாரம் இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தபோதுதான் ஜாவா மாஸ் செடி மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது: ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், ஆறு கால், பின்னால் மூன்று வால்.

ஆறு கால் தெரிந்தாலே கொசுப்புழுவும் இல்லை, ரத்தப்புழுவும் இல்லை. மூன்று வால் என்றால் பெரும்பாலும் மேஃப்ளை அல்லது ஊசித்தட்டான் (ஊசி போல மெலிந்த தட்டான்). இரண்டுமே வளர்ந்தபின் பறப்பவை, குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் வாழ்பவை. மேஃப்ளையின் குஞ்சு பெரும்பாலும் பாசியையும் மக்கிய இலையையும் தின்று வாழ்வது, இறாலுக்கு ஆபத்தில்லை, விட்டுவிடலாம். ஊசித்தட்டானின் குஞ்சோ முழு வேட்டைக்காரன். கீழுதட்டை முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும், இரை பக்கத்தில் வந்ததும் அதைச் சட்டென்று நீட்டிக் கவ்விவிடும். ஆக, தப்பாக அடையாளம் கண்டால் இறால் போய்விடும், இல்லையென்றால் ஒரு அப்பாவிப் பூச்சியைக் கொன்றுவிடுவோம்.

நான் ஊசித்தட்டான் என்று முடிவு செய்ததற்குக் காரணம் வால்தான். வாலின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். ஊசித்தட்டானுக்கு அது வால் இல்லை, செவுள். மூன்றும் இலை மாதிரித் தட்டையாக இருக்கும். மேஃப்ளைக்கு அவை நூல் மாதிரி மெல்லியவை, செவுள்கள் தனியாக வயிற்றின் இரண்டு பக்கமும் இருக்கும். ஆனால் சில மேஃப்ளைகளின் வாலில் ஓரமெல்லாம் முடி இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் இறகு போலத் தெரியும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். அந்தச் சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு எடுத்துவிட்டு நீந்த விடுங்கள். ஊசித்தட்டான் பாம்பு மாதிரி இடமும் வலமுமாக வளைந்து போகும். தொட்டிகளில் வரும் மேஃப்ளை மேலும் கீழுமாக உடலை அடித்து விருட்டென்று பாயும். என்னுடையது வளைந்து போனது, அதோடு சந்தேகம் தீர்ந்தது.

சில சமயம் ஊசித்தட்டான் குஞ்சின் வால் ஒடிந்தும் போயிருக்கும், பிறகு வளரும். அப்போது பெரிய தட்டானின் குஞ்சோ என்று தோன்றும். பெரிய தட்டான் குஞ்சு தடித்துக் குட்டையாக இருக்கும், நுனியில் சின்ன முட்கள் மட்டும்தான், செவுள் குடலுக்குள்ளேயே இருப்பதால் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாயும். நான் நேரில் பார்த்தது மாடியில் திறந்த தொட்டியில் ஒன்றே ஒன்று, அதனால் இதில் என் கண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். இறால் தொட்டிக்கு இரண்டுமே ஆகாது என்பதால் பெரிதாகக் குழம்பவும் தேவையில்லை.

மூடி போட்ட தொட்டிக்குள் எப்படி வந்தது என்றால், செடியோடுதான். ஊசித்தட்டான் முட்டையைச் செடித் தண்டைக் கீறி உள்ளே வைக்கும், கழுவினாலும் போகாது. அதனால்தான் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் பார்த்தால் நான் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். அப்புறம், பூச்சி மருந்து பக்கமே போகாதீர்கள், அது இறாலையும் சேர்த்துக் கொல்லும். நான் நான்கு ராத்திரி டார்ச்சும் ஸ்பூனுமாக உட்கார்ந்து ஏழு பிடித்தேன். எல்லாவற்றையும் மாடியில் கொசுப்புழு நிறைந்த வாளியில் விட்டேன், அங்கே அவற்றுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.